அந்தப் பை யாருடையது

டயர் எரிகிற நாற்றம்தான் முதலில் வந்தது. புகை அப்புறம்தான் தெரிந்தது.

எங்கள் தொழிற்சாலை பஸ் பொம்மனஹள்ளியைத் தாண்டி நின்றுவிட்டது. மத்தியானம் மூன்று மணி இருக்கும். காலையிலிருந்தே பெங்களூருக்குள் கலாட்டா என்று தகவல் வந்துகொண்டிருந்ததால் பொம்மசந்திரா தொழிற்சாலையில் எல்லா ஷிஃப்ட்டையும் பாதியில் முடித்து அனுப்பியிருந்தார்கள். முன்னால் இரண்டு லாரிகள் ஓசூர் சாலையின் குறுக்கே நின்றன. ஒன்றின் முன்கண்ணாடி சில்லுச் சில்லாகத் தார்மேல் கிடந்து மின்னியது. அதன் நம்பர் தமிழ்நாட்டு நம்பர். டிரைவரைக் காணோம். அவருடைய ஒரு செருப்பு மட்டும் படிக்கட்டில் இருந்தது.

பஸ்ஸுக்குள் முப்பது பேர் இருந்தோம். யாரும் பேசவில்லை. பேசினால் எந்த மொழியில் பேசுவது என்ற யோசனை எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வந்திருக்க வேண்டும்.

காவிரித் தண்ணீர் விவகாரம் பற்றியெரிந்த அந்த டிசம்பரை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எனக்கு அது ஒரு மத்தியானமாகத்தான் ஞாபகத்தில் நிற்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், பத்து நிமிஷமாக.

என் பக்கத்தில் ஜன்னலோரம் தாண்டவன் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஸ்டோர்ஸ் பிரிவில் லோடர். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆள், ஈஜிபுராவில் ஒற்றை அறையில் மனைவியோடு குடியிருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். என் மடியில் ஒரு பழுப்பு ரெக்சின் பை. அதற்குள் காலி டிபன் பாக்ஸும், நாலு வருஷமாக நான் எழுதி வந்த நாவலும் இருந்தன. முந்நூற்றுச் சொச்சம் பக்கம், கையால் எழுதியது, வேறு பிரதி கிடையாது. எல்லாம் தமிழ்.

ஒரு கடிதம் கேட்ட கேள்வி

இந்தத் தொடரைப் படித்து வரும் மதுரை வாசகர் ஒருவர் போன வாரம் எழுதியிருந்தார். ‘மொரிஷியஸ் கரும்புத் தோட்டங்களைப் பற்றிய உங்கள் நாவலை தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே எழுதி முடித்துவிட்டதாக ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறீர்கள். அது வெளிவரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது ஏன்?’

பதிப்பாளர் கிடைக்கவில்லை என்று இதுவரை பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். உண்மை இந்தப் பஸ்ஸில் இருக்கிறது.

அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடை ஒன்றில் அட்டையில்லாத இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கிடைத்ததில் ஆரம்பித்தது எல்லாம். மொரிஷியஸ் தீவில் கறுப்பின அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்தார்கள். அவர்கள் கரும்புக் காட்டை விட்டு வெளியேறினார்கள். அந்த இடத்தை நிரப்ப நம் ஊர்களிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்களைக் கொண்டுபோனார்கள். ஒப்பந்தம் என்று பெயர். ஆனால் கையில் அனுமதிச் சீட்டில்லாமல் தோட்டத்துக்கு வெளியே நடந்தால் பிடித்து அடைப்பார்கள். ஒருவனுடைய விடுதலை இன்னொருவனுடைய கால்விலங்காக மாறிய கதை. படித்த அன்றைக்கே எனக்குக் காய்ச்சல் மாதிரி பிடித்துக்கொண்டது.

என் நாயகன் வீராசாமி தோட்டத்திலிருந்து ஓடுகிறான். ரோசலி என்ற விடுதலையான அடிமைப் பெண் அவனைத் தன் குடிசையில் ஒளித்துவைக்கிறாள். இதுதான் கதை. அத்தியாயங்களுக்கு நடுவே ரோசலி பாடுவதாகக் கவிதைகள். ஸ்டோர்ஸில் கழித்துப்போட்ட பழைய படிவங்களின் முதுகில் எழுதினேன்.

முதல் வாசகர் படிக்கத் தெரியாதவர்

தாண்டவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் சிமென்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் படிப்பேன், அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு கேட்பார். வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் இல்லை.

ஒருநாள், வீராசாமி ரோசலியின் குடிசையில் தண்ணீர் குடிக்கத் தயங்குகிற இடத்தைப் படித்தேன். அவளுடைய நிறத்தையும் சுருண்ட தலைமுடியையும் பார்த்து அவன் முகம் சுளிக்கிறான். அது அந்தக் காலத்து மனோபாவம், இயல்பாக வந்திருக்கிறது என்று எனக்கே கொஞ்சம் பெருமை.

“நிறுத்துங்க சார்” என்றார் தாண்டவன். “அந்தப் பொம்பள கருப்பா?”

“ஆமா. ஆப்பிரிக்காலேர்ந்து அவளச் சின்ன வயசுலயே பிடிச்சிட்டு வந்தது.”

“இவன்?”

“யாரு, வீராசாமியா? இவன் நம்ம ஆளு.”

“நம்ம ஆளுன்னா என்னா கலரு? என்ன மாதிரியா, உங்கள மாதிரியா?”

நாவலில் வீராசாமியின் நிறத்தை எங்குமே நான் எழுதியிருக்கவில்லை. எழுதவேண்டும் என்றே தோன்றியதில்லை.

“வெள்ளக்காரன் கண்ணுக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான சார். ஓடி வந்தவனுக்குத் தண்ணி குடுக்கறா. அதுல இவனுக்கு என்னா இவ்ளோ கொழுப்பு?”

அன்று மாலை வீட்டுக்குப் போய் ரோசலியின் கவிதை ஒன்றை எழுதினேன். மறுநாள் அவரிடம் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, “இப்ப சரி” என்றார்.

விழுங்கிய எழுத்து

பஸ்ஸுக்குத் திரும்புகிறேன்.

கும்பல் லாரிகளை விட்டுவிட்டு எங்களை நோக்கி வந்தது. என்னால் கன்னடம் நன்றாகப் பேச முடியும். என் தாத்தா காலத்திலேயே மைசூர் அரசாங்கத்து மராமத்து இலாகாவுக்கு வந்துவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், இரண்டுக்கும் நடுவே கதவுகூடக் கிடையாது. தாண்டவன் அப்படியில்லை. அவர் கன்னடத்தில் வாயைத் திறந்தால் முதல் வார்த்தையிலேயே கிருஷ்ணகிரி தெரிந்துவிடும்.

அவர் காதருகே குனிந்து சொன்னேன்: “நீங்க வாயவே தொறக்காதீங்க. ஊமைன்னு சொல்லிடறேன். நான் பேசிக்கறேன்.”

தலையை ஆட்டினார். பிறகு என் மடியைப் பார்த்தார்.

“பைய இப்படிக் குடுங்க சார். இங்க சக்கர மேடு இருக்குது. காலுக்கு அடியில தள்ளிக்கறேன், தெரியாது.”

கொடுத்தேன். அதை நான் மறைக்க விரும்பவில்லை. பை என் மடியைவிட்டுப் போனதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். எங்கள் டிரைவர் போரேகவுடா எழுந்து கை நீட்டி, “நம்ம ஃபேக்டரி ஜனா, பிட்பிடி” என்று விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினார். அவரைத் தள்ளி உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு இருக்கையாக வந்தார்கள். பெயர் என்ன, எந்த ஊர். கேட்டவனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. இஸ்திரி போட்ட சட்டை. கையில் சைக்கிள் செயின். தெருவில் பார்த்திருந்தால் வங்கியில் வேலை பார்க்கிறவன் என்று நினைத்திருப்பேன்.

“ஹெசரு?”

“ரங்கநாத்” என்றேன்.

என் பெயர் ரங்கநாதன். கடைசியில் இருக்கிற ‘அன்’னை விழுங்கிவிட்டேன். பதினைந்து தலைமுறைத் தமிழ் அந்த ஒரு விழுங்கலில் போயிற்று.

“யாவூரு?”

பெங்களூர்தான், காக்ஸ் டவுனில் வீடு, தாத்தா மைசூர் சர்க்காரில் இருந்தவர் என்று மளமளவென்று கன்னடத்தில் சொன்னேன். கேட்காததையும் சொன்னேன். என் நாக்கு அவ்வளவு சுத்தமாக அதற்கு முன் பேசியதில்லை.  

அவன் தாண்டவனைப் பார்த்தான். தாண்டவன் வாயைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினார்.

“மூகனா?” என்று என்னைக் கேட்டான், ஊமையா என்று. “நிமகே கொத்தா இவனு?” தெரியுமா உனக்கு இவனை?

தெரியும், என்கூட வேலை செய்கிறவர், பிறவியிலேயே பேச்சு கிடையாது, மைசூர்ப் பக்கம். முழு வாக்கியமும் என் வாய்க்குள் தயாராக இருந்தது. அதற்குள் பின்னாலிருந்து ஒருவன் குனிந்து பையை இழுத்துவிட்டான். ஜிப்பைத் திறந்தான். காகிதக் கட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

“தமிளு!”

அந்தக் கூச்சல் இப்போதும் எனக்குச் சில சமயம் கேட்கிறது. எங்கள் மொழியின் பெயரை அவ்வளவு ஆத்திரத்தோடு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

செயின் வைத்திருந்தவன் என்னிடமே திரும்பினான். “யார்து இது?”

“கொத்தில்லா” என்றேன். தெரியாது. அவன் கேட்ட இரண்டு கேள்விக்கும் அந்த ஒரு வார்த்தையே பதிலாகப் போய்விட்டது.

தாண்டவனைச் சட்டையோடு பிடித்துத் தூக்கினார்கள். அவர் ஒரு விரலை நீட்டியிருக்கலாம். ‘இவருது’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், எந்த மொழியிலும். சொல்லவில்லை. என் முழங்காலை உரசிக்கொண்டுதான் அவரை இழுத்துப் போனார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பார்த்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்றுதான் பார்க்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அன்று எனக்கு, நல்லவேளை பார்க்கவில்லை என்றுதான் தோன்றியது.

கீழே இறக்கியதும் முதல் அடி விழுந்தது. காகிதங்களை எரிகிற டயர்மேல் விசிறினார்கள். என் கண் முதலில் காகிதங்களிடம்தான் போனது. அவரை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். ஒரு கையால் தலையை மூடிக்கொண்டிருந்தார். அடி விழுந்தபோதும் அவர் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. ஊமையாகவே இருந்தார்.

ஒரு கல் வந்து முன்கண்ணாடியில் விழுந்தது. போரேகவுடா வண்டியைக் கிளப்பி, வந்த வழியே திருப்பிவிட்டார்.

பூட்டிய வீடு

ஊரடங்கு போட்டார்கள். காக்ஸ் டவுன் வீட்டில் ஜன்னல்களைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். என் மனைவி வசந்தா தமிழ்ப் பத்திரிகைகளையெல்லாம் வாரி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள். தினசரி காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றினாள். நான் வாசலில் இருந்த பெயர்ப் பலகையைத் திருகி எடுத்தேன். ஐந்து வயது மகளிடம், வெளியே சத்தமாகப் பேசாதே என்றோம். “அப்பான்னு கூப்பிடலாமா?” என்று கேட்டாள். கூப்பிடலாம், அது இரண்டு மொழியிலும் ஒன்றுதான் என்றேன்.

தெருவில் ஒரு ஸ்கூட்டர் நின்றால் விளக்கை அணைத்தோம். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா கொல்லைப்புறமாகப் பால் கொண்டுவந்து கொடுத்தார். அவர் கதவைத் தட்டியபோதுகூட நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். தாண்டவனைப் பற்றி வசந்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தொழிற்சாலை திறந்ததும் போரேகவுடாவைத் தேடிப் போனேன். நெற்றியில் பிளாஸ்திரி. அவர் சொன்னதைக் கேட்டு நின்றேன். எங்களையெல்லாம் இறக்கிவிட்டு, பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு, மச்சானின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறார். தாண்டவன் சாக்கடை ஓரம் கிடந்திருக்கிறார். வலது தோளும் முழங்கையும் உடைந்து, பல் இரண்டு போய். ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஈஜிபுராவுக்கு ஆளனுப்பி மனைவியை வரவழைத்து, நாலாம் நாள் இருவரையும் ஊருக்கு வண்டியேற்றிவிட்டிருக்கிறார்.

“அவன் பாப, ஒந்து மாத்து ஆட்லில்லா சார்” என்றார். பாவம், ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்: “ஆ பேகு யார்து சார்?” அந்தப் பை யாருடையது?

எனக்குத் தெரியாது என்றேன். மறுபடியும். அதே கன்னடத்தில்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு டயரில் காற்று பார்க்கப் போய்விட்டார். அவருக்கு அன்றே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஈஜிபுராவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

அதன்பிறகு ஆறு வருஷம் நான் ஒரு வரி எழுதவில்லை. நண்பர்கள் கேட்டால் வேலை அதிகம் என்பேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரமாட்டேன், யார் பக்கத்திலும் பேச்சுக் கொடுக்கமாட்டேன்.

தாண்டவன் திரும்பி வந்துவிட்டார், ஈஜிபுராவில் பழைய தெருவிலேயே இருக்கிறார், பாரம் தூக்க முடியாததால் ஒரு அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன் வேலை என்று போரேகவுடாதான் சொன்னார். கேட்டபிறகும் நாலு மாதம் தள்ளிப்போட்டேன். கலவரத்தில் கண்ட பயம் ஒரு மாதிரி. இந்தப் பயம் வேறு. அங்கே என்னை அடிக்க வருகிறவர்கள் இருந்தார்கள். இங்கே அடிக்காமல் விட்டுவிடுவாரோ என்று பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். குறுகலான சந்து, தண்ணீர்க் குடங்களின் வரிசை. தாண்டவன் வாசலில் இடது கையால் சவரம் செய்துகொண்டிருந்தார். வலது கை முழங்கையில் மடங்கியபடி அப்படியே நின்றுவிட்டிருந்தது.

“அட, சார்! வாங்க வாங்க” என்றார். “கோயிந்தம்மா, யாரு வந்திருக்கறது பாரு. ஸ்டோர்ஸ் சார்.”

உள்ளேயிருந்து வந்த கோவிந்தம்மாள் சிரித்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவரிடம் தாண்டவன் எதுவும் சொல்லவில்லை.

உட்காராமலே சொன்னேன். “அம்மா, அன்னிக்கு பஸ்ல இவர் காலடியில இருந்த பை என்னுது. நான் எழுதின கதை அதுல இருந்தது. என்னைக் கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன். அதனாலதான் இவரை இறக்கினாங்க.”

அவர் புருஷனைப் பார்த்தார். தாண்டவன் முகத்தில் சோப்பு நுரையோடு கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்படியா?” என்றார் கோவிந்தம்மாள். “நீ ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொல்லி என்னா ஆவுது” என்றார் தாண்டவன்.

கோவிந்தம்மாள் என் பக்கம் திரும்பினார். “என்னா கதை அது?”

“எரிஞ்சுபோச்சு. ஒரு பாட்டு மட்டும் ஞாபகம் இருக்கு.”

“சொல்லுங்க, கேப்போம்.”

ரோசலியின் கவிதையைச் சொன்னேன்.

என் தாய் வைத்த பெயர்
கப்பலை விட்டு இறங்கும்போது என்னிடம் இல்லை.
எசமான் வைத்த பெயரை
விடுதலை நாளில் திருப்பிக் கொடுத்தேன்,
வாங்கிக்கொள்ள ஆளில்லை.
நேற்று ஒருவன் ஓடிவந்து கதவைத் தட்டினான்.
என் நிறத்தைப் பார்த்துத் தயங்கினான்,
தன் நிறத்தை அவன் பார்த்ததே இல்லை போலும்.
உள்ளே வா என்றேன்.
துரத்தி வருகிறவன் கண்ணுக்கு
நாம் இரண்டு பேரும் ஒரே இருட்டு.

சந்தில் குழாய்த் தண்ணீர் குடத்தில் விழும் சத்தம் கேட்டது. கோவிந்தம்மாள் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கேட்டார்.

“இதுக்கா?”

திட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். காபி தரவில்லை.

தாண்டவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் சார். நீங்க சொன்னீங்க, நான் ஊமையா இருந்தேன். நீங்க எதுக்கு ஊமையாயிட்டீங்க?”

“பயம்” என்றேன்.

“எனக்கும்தான்” என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “திரும்ப எழுதறீங்களா?” என்றார்.

“எழுதலாமான்னு தெரியல.”

“எழுதுங்க. ஆனா அந்த வீராசாமிய வீரனாக்கிடாதீங்க. அவள மாட்டிவிட்டுட்டு அவன் பேசாம நிக்கறான்னு எழுதுங்க. அப்படித்தான சார் நடக்குது.”

அந்தப் பக்கம்

அப்படியே எழுதினேன். பழைய நாவலில் வீராசாமி துரைமாரின் ஆட்களைத் தனியாளாக அடித்துத் துரத்துவான். புதியதில், அவனைத் தேடிவரும் காவலர்கள் ரோசலியிடம் அவனுடைய சீட்டைக் கண்டெடுக்கிறார்கள். வழிப்போக்கன்போல நிற்கிற அவனிடமே, ஆள் தெரியாமல், இவளைத் தெரியுமா என்று கேட்கிறார்கள். தெரியாது என்கிறான். அவளைக் கூட்டிப் போகிறார்கள். அந்த ஒரு அத்தியாயத்துக்கு எட்டு மாதம் ஆனது.

புத்தகம் புது நூற்றாண்டு பிறந்து சில வருஷம் கழித்து வந்தது. முதல் பிரதியை எடுத்துக்கொண்டு ஈஜிபுராவுக்குப் போனேன். கோவிந்தம்மாள் கதவைத் திறந்தார். சிரிக்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை. புத்தகத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எந்த எடத்துல இருக்குது அது?” என்றார்.

பிரித்துக் கொடுத்தேன். “படிங்க” என்றார்.

வாசலில் நின்றபடியே படித்தேன். தாண்டவன் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். நடுவில் என் குரல் இறங்கியபோது, “கேக்கல, சத்தமா” என்றார் கோவிந்தம்மாள். சந்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சத்தமாகவே படித்தேன். வீராசாமி ‘தெரியாது’ என்று சொல்லுகிற இடம் வந்தது. அதையும் படித்தேன். ரோசலியை இழுத்துப்போகிற இடம்வரை படித்து மூடினேன்.

கோவிந்தம்மாள் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “இது இங்க இருக்கட்டும்” என்றார்.

உள்ளேயிருந்து தாண்டவனின் குரல் வந்தது.

“அவ திரும்பி வந்தாளா சார்?”

“அதை நான் எழுதல.”

“எழுதியிருக்கணும்” என்றார் அவர்.